குருத்து, சாரோலை, சிப்பம்: ஓர் ஓலைப் பெட்டி முயற்சியின் கதை

வேம்பாருக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்தில் நடந்தது இது. பனை ஓலையில் பெட்டி முடையும் பெண்கள் குழு ஒன்றும், சென்னையிலிருந்து வந்த ஒரு வடிவமைப்பாளரும் சேர்ந்து, இனிப்புக் கடைகளின் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்று செய்யப் பார்த்தார்கள். முதல் வருடம் சறுக்கியது. அடுத்த வருடம் வேறொரு பொருள் வந்தது, அது ஓரளவு நின்றது. குழுவுக்குக் கணக்கு எழுதியவனும் வண்டி பிடித்துக் கொடுத்தவனும் நான் என்பதால் இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆட்கள், ஊர், கடை எதன் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை.

பின்னணி

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவே சில பொருட்களுக்குத் தடை. ஆனால் இனிப்பு வைத்துக் கொடுக்கிற மூடி போட்ட டப்பா மட்டும் எங்கள் பக்கத்துக் கடைகளில் அசையாமல் இருந்தது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உள்ளே இருப்பது தெரியும், விலையும் குறைவு.

தென்மாவட்டத்தில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு இனிப்புக் கடைக்காரர், தீபாவளிக்குப் புதுமையாக ஏதாவது வேண்டும் என்று அந்த வடிவமைப்பாளரிடம் கேட்டிருக்கிறார். வடிவமைப்பாளருக்கு வயது முப்பதைக் கடந்திருக்கும். பொருள் வடிவமைப்பு படித்தவர். தொழிற்சாலைக்குப் பொருள் வரைந்து கொடுக்கும் வேலை சலித்துப்போய் கைத்தொழில் பக்கம் வந்தவர். அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. ஓலைப் பெட்டி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். ஊசி நூல் போட்டு வைப்பார்கள், இல்லையென்றால் சாமி அறையில் திருநீறு வைப்பார்கள். அது அங்கேயே உட்கார்ந்து அடுத்த டப்பா வாங்கும்போது கொஞ்சம் உறுத்தும். ‘பிரசங்கம் பண்ண வேண்டாம், பெட்டி பண்ணினால் போதும்’ என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அந்த நம்பிக்கையில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

பனையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. மாநில மரம். வறண்ட மண்ணில் தண்ணீர் ஊற்றாமல் வளரும். அப்படிப்பட்ட மரத்தை எங்கள் பக்கம் செங்கல் சூளைக்கு விறகாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். 2021 ஆகஸ்டில் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். ஓலைக்கு விலை கிடைத்தால் மரத்தை வெட்ட மனசு வராது என்பது வடிவமைப்பாளரின் இரண்டாவது கணக்கு.

முதல் இரண்டு வாரம் பார்த்தது

குழுவில் 14 பெண்கள். மூத்தவருக்கு எழுபதை ஒட்டி வயது, இளையவருக்கு இருபத்தாறு. வெளியூரிலிருந்து பயிற்சி என்று யார் வந்தாலும் அவர்களுக்கு ‘டீச்சர்’தான். வடிவமைப்பாளர் எத்தனை முறை பெயரைச் சொல்லியும் கடைசிவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

முதல் வாரம் அவர் எதையும் வரையவில்லை, சும்மா உட்கார்ந்து பார்த்தார். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உருவி எடுத்துவிட்டு, நகத்தாலும் சின்னக் கத்தியாலும் ஒரே அகலத்தில் வாருகிற வேகத்தைப் பார்த்தார். மூத்த அம்மா அளவுகோல் வைக்காமல் வாரிய பத்து இழையை இவர் ஸ்கேல் வைத்து அளந்தார். அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. முடைய ஆரம்பிக்கும் முன்னால் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள், இல்லையென்றால் மடிப்பில் ஒடியும். பெட்டியின் நாலு மூலை எழும்பும் இடத்தில்தான் கை தெரியும் என்று அந்த அம்மா காட்டினார். பழகாத கை அங்கே இழையைத் தளர்த்திவிடும், மூடி உட்காராது.

அவர் நோட்டில் எழுதிய இன்னொன்று: மதியம் சாப்பாடு எடுக்கும்போது 14 பேரில் 11 பேர் கொண்டுவந்தது பிளாஸ்டிக் ஒயர் கூடை. வீட்டில் அரிசி இருப்பது பெயின்ட் வாளியில். ஏன் என்று கேட்டதற்கு, “ஓலப்பெட்டின்னா எலி கடிச்சுப்போடும் டீச்சர். வாளியில மூடி இறுக்கமா இருக்கும்” என்று பதில் வந்தது. முடைகிறவர்களுக்கே வேண்டாத பொருளை ஊருக்கு விற்கப்போகிறோமா என்று அன்று ராத்திரி அவர் என்னிடம் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தக் கேள்வியை அப்போதே பிடித்திருக்கலாம்.

சாயம் இன்னொரு விஷயம். சிவப்பு, பச்சை, ஊதா என்று பாக்கெட் சாயத்தை அலுமினியச் சட்டியில் கொதிக்கவைத்து ஓலையை முக்குவார்கள். மிச்சத் தண்ணீர் கொல்லைப்புறம் ஓடி, ஊருணிக்குப் போகிற வாய்க்காலில் சேரும். வாய்க்கால் ஓரத்து மண் ஒரு முழ அகலத்துக்கு ஊதாவாக இருந்தது.

பார்த்தும் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. ஊர்க் கடைசியில் வயதான பனையேறி ஒருவரின் சாய்ப்புக் கொட்டகையில், பழுப்பேறிய சாரோலையில், அதாவது விரிந்து முற்றிய ஓலையில், கோணலாக முடைந்த பெரிய பொதி ஒன்று தொங்கியது. கருப்பட்டிச் சிப்பம். வடிவமைப்பாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டார், “பழசு” என்றார், நகர்ந்துவிட்டார். நானும்தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கால் கிலோ இனிப்பு பிடிக்கிற மூடிப் பெட்டி என்று முடிவானது. கடைக்காரர் 3,000 கேட்டார். ஒரு பெட்டி 45 ரூபாய். முடைகிறவருக்கு 30, ஓலைக்கும் இதர செலவுக்கும் 8. மீதியில் வண்டி வாடகையும் குழுவின் சேமிப்பும். வழக்கமாக வியாபாரி கொடுப்பது போல நேர்த்தியான வேலைக்கும் சுமாரான வேலைக்கும் ஒரே கூலி கூடாது, சரியில்லாததைத் திருப்பிக் கொடுப்போம், சரியானதற்கு முழுக் கூலி உடனே, என்பது வடிவமைப்பாளரின் நிபந்தனை. அது நல்ல முடிவு. இன்றுவரை மாறவில்லை.

சாயத்தை நிறுத்தினார். குருத்தின் வெளிர் நிறமே போதும், நடுவில் ஒரு வரி மட்டும் கறுப்பு ஓடட்டும் என்றார். அதற்குப் பாக்கெட் சாயம் இல்லாமல், துருப்பிடித்த ஆணியையும் லாடத்தையும் கருப்பட்டித் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் முக்கிய ஓலையை அதில் போட்டெடுத்தார்கள். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இழுப்பது இந்த முறையில்தான். ஓலையின் மேல் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு இருப்பதால் முதல் மூன்று தடவை ஒட்டவே இல்லை. கொதிக்கவிட்டு எடுத்தபிறகு சாம்பல் கலந்த கறுப்பு பிடித்தது. மஞ்சளும் போட்டுப் பார்த்தார்கள், ஒரு வாரத்தில் வெயிலில் வெளுத்துப்போனது, விட்டுவிட்டார்கள்.

பெண்களுக்கு இந்த வெறும் நிறம் பிடிக்கவே இல்லை. “கருமாதி வீட்டுக்கு அரிசி கொண்டு போற பெட்டி கணக்கா இருக்கு டீச்சர். சீர்ப்பெட்டின்னா செவப்பு வேண்டாமா?” என்று இளையவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். சென்னையில் இதுதான் விற்கும் என்று டீச்சர் சமாதானம் சொன்னார். அது உண்மைதான். ஆனால் பெட்டி விற்கவேண்டிய கடை சென்னையில் இல்லை.

அப்புறம் பெட்டிக்குள் இனிப்பு வைத்துச் சோதனை. நாங்கள் வைத்தது மனோகரம், வெல்லப்பாகில் புரட்டிய முறுக்குப் பலகாரம். நாலு நாள் நன்றாகவே இருந்தது. சரி என்று எழுதிக்கொண்டோம்.

தீபாவளி வரை

ஆவணி கடைசியில் ஆர்டர் உறுதியானது. நாளைக்கு ஒருவர் ஐந்து பெட்டி, 14 பேருக்கு 70. நாற்பத்துச் சொச்சம் நாளில் முடியும். காகிதத்தில் அழகாக வந்தது.

மரத்தின் கணக்கை யாரும் போடவில்லை. கழிவு போக ஒரு குருத்தில் இரண்டு பெட்டி வரும். 3,000 பெட்டிக்கு 1,500 குருத்து. குருத்து என்பது இன்னும் விரியாத இளம் ஓலை, மரத்தின் உச்சியில் ஒன்றிரண்டுதான் நிற்கும். உயரமான மரத்தில் ஏறி எடுக்க ஆளில்லாததால், கையில் தொரட்டி வைத்துக்கொண்டு எட்டிப் பறிக்கக்கூடிய வடலிகளில்தான், அதாவது உயராத இளம் பனைகளில்தான் எடுப்பார்கள். ஊரைச் சுற்றி அப்படிப்பட்ட வடலி சுமார் 600 இருப்பதாகப் பிறகு எண்ணியபோது தெரிந்தது. 600 மரத்தில் 1,500 குருத்து என்றால் மரத்துக்கு இரண்டரை, அதுவும் இரண்டு மாதத்துக்குள்.

புரட்டாசி நடுவில் அந்த வயதான பனையேறி வந்து, முடைந்துகொண்டிருந்த பெண்களிடம் சத்தம் போட்டார். வடிவமைப்பாளரைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, “பனை மாசத்துக்கு ஒரு ஓலதாம்மா விடும். ரெண்டு மாசத்துக்குள்ள மூணு குருத்த உருவுனா அது எங்கிட்டுப் போயி நிக்கும்? வடலியெல்லாம் மொட்டையா நிக்கி, போயிப் பாருங்க” என்றார். போய்ப் பார்த்தோம். கொண்டை சிறுத்து, நடுக்குருத்து இல்லாமல், சுற்றிலும் நாலைந்து பழைய ஓலை மட்டும் விரிந்து நின்றன. சுற்றுச்சூழலுக்காகச் செய்கிற பெட்டி! அன்றைக்கு அவர் முகம் விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து குருத்து வாங்குவது என்று முடிவு செய்தார். ஆர்டரை அங்கேயே குறைத்திருக்க வேண்டும், நானும் அதைச் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை. பக்கத்து ஊர்க் குருத்து ஈரத்தோடு வந்தது, காயவைக்க வெயில் இல்லை. அடுப்படியில் பரப்பியும் விசிறி போட்டும் காயவைத்தார்கள். முதல் இரண்டு லோடில் 1,740 பெட்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது லோடு 900. அன்று காலையிலிருந்து மழை. நனையக்கூடாது என்று மினி லாரியில் கீழேயும் மேலேயும் பாலிதீன் ஷீட் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் கயிறு போட்டு இறுக்கியவன் நான். கடையின் கிடங்கில் அப்படியே இரண்டு நாள் கிடந்திருக்கிறது. பிரித்தபோது வேர்த்துப்போய், மூடியின் உள்பக்கம் மிளகைத் தூவியது போலக் கறுப்புப் பொட்டு. பூஞ்சணம். 900-ல் 610 பெட்டியைத் திருப்பிவிட்டார்கள்.

அதே ஓலையில்தான் நம் ஆட்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஏடு எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் ஓலையைத் தண்ணீரில் வேகவைத்து, உலர்த்தி, மஞ்சளும் எண்ணெயும் தடவிக் காற்றோட்டமாக வைத்தார்கள். நாங்கள் ஈர ஓலையை முடைந்து பாலிதீனில் சுற்றினோம்.

இன்னொன்று தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்தது. வடிவமைப்பாளர் கடைக்குப் போய் வாடிக்கையாளர் மாதிரி ஓரமாக நின்றார். கவுன்டரில் இருந்த பையன் மைசூர்பாகை எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, அதை ஓலைப் பெட்டிக்குள் வைத்து, துணி மாதிரி இருக்கும் நெய்யாத பையில் போட்டுக் கொடுத்தான். அந்தப் பையும் பிளாஸ்டிக்தான். பழைய டப்பா ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு. அவனைக் கேட்டபோது, “நெய் எறங்குது மேடம், கஸ்டமர் திட்றாங்க” என்று ஒரு பெட்டியின் அடியைத் திருப்பிக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மனோகரத்தில் நெய் வழியாது, மைசூர்பாகில் வழியும். வீட்டில் பலகாரம் செய்கிற எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

கணக்கு

மொத்தம் 2,640 பெட்டி முடைந்தார்கள். ஒன்றுக்கு 38 ரூபாய் வீதம் 1,00,320 ரூபாய் செலவு. கடை எடுத்துக்கொண்டது 2,030, அதற்கு வந்தது 91,350. வண்டி வாடகையும் பக்கத்து ஊர்க் குருத்துக்குக் கூடுதலாகக் கொடுத்ததும் தனி. திரும்பி வந்த 610 பெட்டிக்கும் கூலியைப் பிடிக்கவில்லை. முடைந்ததில் குற்றமில்லை, கட்டியனுப்பியதில்தான் குற்றம் என்று வடிவமைப்பாளர் பிடிவாதமாக நின்று, நஷ்டத்தைத் தன் கையிலிருந்து போட்டார். அதனால்தான் அடுத்த வருடமும் குழு அவரோடு பேசியது என்று நினைக்கிறேன்.

இதற்கிடையே அந்தப் பெட்டியின் படம் இணையத்தில் நன்றாகவே சுற்றியது. வெளிர் மஞ்சள், நடுவில் ஒற்றைக் கறுப்பு வரி, பக்கத்தில் ஒரு பித்தளை விளக்கு. இரண்டு கண்காட்சிக்குக் கேட்டார்கள். படத்தில் பூஞ்சணம் தெரியாது, மொட்டை வடலியும் தெரியாது. அவர் போகவில்லை.

கார்த்திகையில் கூடிப் பேசியது

மழை விட்டபிறகு சர்ச் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். இந்த முறை பனையேறியையும் கூப்பிட்டோம். அதுவரை நடந்த எந்தக் கூட்டத்திலும் அவர் இல்லை. ஓலை எங்கிருந்தோ வரும், முடைகிறவர்களிடமிருந்து கைத்தொழில் தொடங்குகிறது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அவர் சொன்னதிலிருந்து ஒரு நாட்காட்டி கிடைத்தது. தை, மாசியில் பதநீருக்காகப் பனையில் ஏறத் தொடங்கும்போது பழைய ஓலைகளையும் மட்டைகளையும் கழித்து மரத்தைச் சுத்தம் செய்வார்கள். அப்போது முற்றிய சாரோலை குவியும். கூரை போட ஆளில்லாததால் அதில் பாதி தோட்டத்திலேயே கிடந்து எரிகிறது. ஆடி, ஆவணியோடு பதநீர் முடியும். அதற்குப்பிறகு மரத்தில் ஏற ஆளே கிடையாது. “பதனி இருக்கும்போது ஏறுறவன் ஓலையும் கொண்டாருவான். ஓலைக்குன்னு மட்டும் எவன் ஏறுவான்? காலு வழுக்குனா எலும்புகூட மிஞ்சாது” என்றார். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

ஆக, தீபாவளிக்கு ஓலைப் பெட்டி என்பதே பனைக்கு எதிரான ஏற்பாடு. ஓலை வருவது தையில். காய்வது பங்குனி, சித்திரை வெயிலில். நாங்கள் கேட்டது புரட்டாசியில்.

மூத்த அம்மா ஒன்று கேட்டார். “கருப்பட்டிச் சிப்பம் போடுவோமே நாங்க சின்னப்புள்ளையில. அது மழையில கெட்டதில்லையே?” அப்போதுதான் சாய்ப்பில் தொங்கிய அந்தப் பழசு நினைவுக்கு வந்தது. வடிவமைப்பாளர் போனில் பழைய படத்தைத் தேடி எடுத்தார்.

கருப்பட்டி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கசியும். அதனால்தான் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் வைப்பார்கள். சாரோலைச் சிப்பத்தில் காற்று போய்வரும். அதை விட்டுவிட்டு, இப்போது வியாபாரிகள் உள்ளே பாலிதீன் உறை போட்ட பிளாஸ்டிக் சாக்கில் ஏற்றுகிறார்கள், அதில் வேர்த்து இளகிப்போகிறது என்று புலம்பலும் இருக்கிறது. பக்கத்து டவுனில் ஒரு கருப்பட்டி மண்டிக்காரரிடம் போய்க் கேட்டோம். “சிப்பம் கெடச்சா வாங்கிக்கிடுவேன் அண்ணாச்சி. போட ஆளு இல்ல, ஒரே அளவுலயும் வராது, வண்டியில அடுக்க முடியாது” என்றார். ஒரே அளவு, அடுக்க வசதி. கடைசியில் வடிவமைப்பாளருக்கு உருப்படியான வேலை அங்கேதான் கிடைத்தது.

மாற்றிய முடிவுகள்

தீபாவளிப் பெட்டியை விட்டாயிற்று. குருத்துக்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: ஒரு வடலியில் வருடத்துக்கு ஒன்று, ஊர் முழுக்க 400-க்கு மேல் இல்லை. எடுத்த மரத்தின் அடியில் சுண்ணாம்புப் பொட்டு. பொட்டு வைப்பது பனையேறியின் பொறுப்பு, அதற்கு அவருக்குக் கூலி. அந்த 400 குருத்தில் 800 கொட்டான், அதாவது சின்ன ஓலைப் பெட்டி, சித்திரைக்குள் முடைந்து காயவைத்து, கருப்பட்டிக்கும் பனங்கற்கண்டுக்கும் மட்டும். நெய்ப் பலகாரத்துக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது. உள்ளே ஏதாவது விரிக்கவேண்டி வந்தால் வாழைச்சருகு.

சிப்பத்தில் வடிவமைப்பாளர் செய்த மாற்றம் பார்வைக்குச் சின்னது. பழைய சிப்பத்தின் அடி உருண்டு இருக்கும். அதைத் தட்டையாக்கி, பத்து கிலோ பிடிக்கும்படி ஒரே அளவுக்கு ஒரு மரச்சட்டம் செய்து கொடுத்தார். சட்டத்தைச் சுற்றி முடைந்து, பிறகு சட்டத்தை உருவிவிடலாம். விளிம்பில் மட்டைநார் வைத்துக் கட்டியதால் ஐந்து அடுக்கு அடுக்கினாலும் நசுங்கவில்லை. மூடிக்கும் நார்க்கயிறு. ஓலையை முடைவதற்கு முன்னால் ஒருமுறை வேகவைத்து வெயிலில் உலர்த்துவது என்பதை முதல் வருடத்துப் பூஞ்சணம் கற்றுக்கொடுத்தது. கந்தகப் புகை போட்டால் பூஞ்சணம் வராது, ஓலையும் வெளுக்கும் என்று ஒருவர் சொன்னார். சாப்பாட்டுப் பொருள் வைப்பது என்பதால் வேண்டாம் என்று விட்டோம்.

விலை 160 ரூபாய். மண்டிக்காரர் யோசித்தார். சாக்கு அதில் சின்னப் பங்கு விலைக்குக் கிடைக்கும். சரி, விற்க வேண்டாம், வாடகைக்குக் கொடுப்போம் என்று பேச்சு திரும்பியது. சிப்பத்துக்கு 100 ரூபாய் முன்பணம், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ், ஒவ்வொரு நடைக்கும் ஒரு சிறு தொகை. காலி பால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த பழக்கம் அவருக்கு நினைவிருந்தது, உடனே பிடித்துக்கொண்டார்.

பிறகு நடந்தது

அந்தப் பருவத்தில் 60 சிப்பம் போய்வரத் தொடங்கியது. ஆவணி முடிவில் 47 திரும்பியிருந்தது. அதில் 9 கிழிந்து, பழுதுபார்க்க வேண்டியிருந்தது. இரண்டை எலி கடித்திருந்தது, பெயின்ட் வாளிக்காரப் பெண்கள் ‘சொன்னோமே’ என்று பார்த்தார்கள். ஒன்றின் பக்கவாட்டில் மண்டிக் கணக்குப்பிள்ளை மார்க்கரால் கூட்டல் போட்டு வைத்திருந்தார். எல்லாம் சேர்த்து சுமார் இருநூறு நடை. அத்தனை சாக்கும் உள்ளுறையும் மிச்சம். இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல நான் தயாரில்லை. ஒரே ஒரு மண்டி, ஒரே ஒரு பருவம்.

குறையும் இருக்கிறது. சிப்பம் முரட்டு வேலை. சாரோலையின் விளிம்பு கையைக் கிழிக்கும். மூத்தவர்களால் முடியவில்லை, அவர்கள் கொட்டானோடு நின்றுகொண்டார்கள். 14 பேரில் ஐந்து பேர் விலகி நூறுநாள் வேலைக்கும் மீன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். மொத்தக் கூலியும் தீபாவளி ஆர்டர் வருடத்தைவிடக் குறைவுதான். மரத்தைக் காப்பாற்றிய வருடத்தில் பெண்கள் கையில் வந்த பணம் குறைந்தது என்பதை மறைக்கக் கூடாது. இந்த முடிச்சை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை.

வடலிகள் தேறிவருகின்றன. அடுத்த தையில் போனபோது பெரும்பாலானவற்றில் நடுக்குருத்து நேராக நின்றது. பாக்கெட் சாயம் குழுவில் முழுதாக ஒழியவில்லை. உள்ளூர்ச் சீர்ப்பெட்டிக்குச் சிவப்பு கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சாயத்தண்ணீரை வாய்க்காலில் விடாமல் தனியே குழி வெட்டி ஊற்றுகிறார்கள், அதுவும் அரைத் தீர்வுதான். இனிப்புக் கடை பிளாஸ்டிக் டப்பாவை விட்டு அட்டைப் பெட்டிக்கு மாறியது, மேலே பளபளப்புத் தாள் ஒட்டியது.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதல் நாள் முடைகிற இடத்துக்குப் போகமாட்டேன், பனங்காட்டுக்குப் போவேன். யார் ஏறுகிறார், எத்தனை மரம், எந்த மாதம், எவ்வளவு ஓலை தானாக விழுகிறது என்று எழுதிக்கொண்ட பிறகுதான் பெட்டியின் பேச்சு. வடிவமைப்பாளரும் இப்போது இந்த வரிசையில்தான் வேலை செய்கிறார். புதிதாகக் கோரையில் ஒரு வேலை வந்தபோது, பாய் நெய்பவர்களைப் பார்க்கும் முன்னால் ஆற்றங்கரைக்குப் போய் அறுப்பவர்களிடம் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்.

சோதனை செய்தால் கடையில் உண்மையில் விற்கும் பலகாரத்தை வைத்து, கடையின் கவுன்டரிலேயே, அந்தப் பையன் கையாலேயே செய்து பார்க்கவேண்டும். ஆர்டரின் அளவைக் கடைக்காரரோ கூலியோ தீர்மானிக்க விடாமல் குருத்தின் எண்ணிக்கையை முதலில் எழுதவேண்டும். வண்டியில் ஏற்றும்போது தார்ப்பாய்க்கு அடியில் காற்றுப் போக இடம் விடவேண்டும், இது எனக்கு நானே எழுதிக்கொண்டது. வீட்டில் ஏன் பெயின்ட் வாளி என்று முதல் வாரம் கேட்ட கேள்வியை அப்படியே விட்டிருக்கக் கூடாது. எலி கடிக்காத மூடி ஒன்றை யோசித்திருந்தால் ஊருக்குள்ளேயே ஒரு சந்தை இருந்திருக்குமோ என்னவோ. மூத்த அம்மா இப்போது மூடியின் உள்பக்கம் வேப்பெண்ணெய் தடவி ஒரு பெட்டியைத் தன் வீட்டில் வைத்திருக்கிறார். மூன்று மாதமாக எலி தொடவில்லை என்கிறார். ஒரே பெட்டி என்பதால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வருடமும் ஆவணியில் அதே கடையிலிருந்து வடிவமைப்பாளருக்குப் போன் வந்தது. தீபாவளிக்கு ஓலைப் பெட்டி, முன்பு கேட்டதில் பாதியாவது போதும் என்றார்களாம். அவர் பனையேறிக்குப் போன் போட்டு எவ்வளவு குருத்து மிச்சம் என்று கேட்டார். நானூறும் சித்திரையிலேயே முடிந்துவிட்டது. கடைக்காரரிடம், அடுத்த தீபாவளிக்கு வேண்டுமென்றால் தையில் சொல்லுங்கள், அதுவும் நெய் இல்லாத பலகாரத்துக்கு என்றால் மட்டும் என்று சொல்லி வைத்தார். தையில் போன் வருமா என்று பார்க்கவேண்டும்.